40 பேர், 36 டிகிரி, குழாய் வைத்த ஒரு ஜாடி: ஸ்பிரிட்ஸ் ஏன் படுத்தது, எப்படி எழுந்தது

விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களுக்கு அப்புறம் வரலாம்.

ஜனவரி மாதச் சனிக்கிழமை. மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகரில் நண்பர் ஒருவர் வீட்டுத் தோட்டம். அவருக்கு 40-வது பிறந்தநாள், வந்தவர்களும் பெரியவர்கள் மட்டும் 40 பேர். மாலை 4 மணிக்கு ஆரம்பம். வெயில் 36 டிகிரி, போதாக்குறைக்கு வடக்கிலிருந்து அனல் காற்று. இங்கே ஜனவரியில் சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகிவிடும், அதனால் 4 மணியை மாலை என்று சொல்வது பேச்சுக்குத்தான். 40 பேரில் 28 பேர் மது அருந்துபவர்கள், மீதி 12 பேர் தொடாதவர்கள் அல்லது அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டியவர்கள். ஒரு பக்கம் பார்பிக்யூ, இன்னொரு பக்கம் பிரியாணி, வரவேற்புக்கு அப்பெரோல் ஸ்பிரிட்ஸ். நான் போனது விருந்தாளியாகத்தான், பாதியில் மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டியதாகிவிட்டது.

ஸ்பிரிட்ஸைத் தேர்ந்தெடுத்ததில் எந்தத் தப்பும் இல்லை. அந்த மாதிரி வெயிலில் கூட்டத்துக்குக் கொடுக்க அதைவிடப் பொருத்தமான பானம் சட்டென்று எனக்குத் தோன்றவில்லை. வட இத்தாலியின் வெனெத்தோ பகுதிச் சரக்கு அது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதி ஆஸ்திரியர்கள் கையில் இருந்தபோது, உள்ளூர் ஒயினில் தண்ணீர் விட்டுக் குடிக்கும் பழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். பிற்பாடு தண்ணீர் இருந்த இடத்துக்கு சோடா வந்தது. 1919-ல் பார்பியேரி சகோதரர்கள் பதுவா நகரப் பொருட்காட்சியில் அப்பெரோல் என்ற மதுவை அறிமுகப்படுத்தினார்கள்: பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், இனிப்போடு ஒரு கசப்பு, ஆல்கஹால் வெறும் 11 சதவீதம். 2003-ல் கம்பாரி நிறுவனம் அதை வாங்கிய பிறகுதான் ஊர் ஊராக எல்லா மொட்டை மாடிகளிலும் அந்த ஆரஞ்சு கிளாஸ் தெரிய ஆரம்பித்தது.

அளவும் மனப்பாடம் செய்யத் தேவையில்லாத அளவு எளிது. 3 பங்கு புரோசெக்கோ (நுரைக்கும் வெள்ளை ஒயின்), 2 பங்கு அப்பெரோல், 1 பங்கு சோடா. ஒரு கிளாஸுக்கு 90, 60, 30 மில்லி. குலுக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம், ஐஸ் மேல் ஊற்றி ஒரு ஆரஞ்சு வட்டம் போட்டால் முடிந்தது. இவ்வளவு எளிதான ஒன்று 40 பேருக்குப் போடும்போது மட்டும் ஏன் சொதப்புகிறது? அன்றைக்கு அந்த மேசையில் நடந்ததை வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரியும் பதில் ஒன்றுதான்: செய்முறை யாருக்கும் தப்புவதில்லை, தப்புவது குளிர். கேஸ் போனது, தண்ணியானது, வரிசை நின்றது என்று தனித்தனிப் புகார்களாகத் தெரிந்ததெல்லாம் நூல் பிடித்துப் போனால் அங்கேதான் போய் முடிந்தன.

மூன்றரை மணிக்கு என்ன நடந்தது

நண்பர் கணக்குப் பிள்ளை மாதிரியான ஆள், வாங்கியது எல்லாம் சரியாகவே வாங்கியிருந்தார். 28 பேர், ஆளுக்கு 3 கிளாஸ், மொத்தம் 84. ஒரு கிளாஸுக்கு 90 மில்லி என்றால் புரோசெக்கோ ஏழரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது 10 பாட்டிலைத் தொட்டு நிற்கும், அவர் 11 வாங்கினார். அப்பெரோல் 5 லிட்டர் சொச்சம், 700 மில்லி பாட்டிலில் 8. புரோசெக்கோ உள்ளூர்தான், விக்டோரியா மாநிலத்தின் கிங் வேலி. இத்தாலியின் வால்தொப்பியாதெனேயில் பிறந்து இங்கே குடியேறிய ஒட்டோ தல் சோட்டோ 1999-ல் கிங் வேலியில் அந்தத் திராட்சைக் கொடியை நட்டார், 2004-ல் முதல் பாட்டில் வந்தது. இன்றைக்கு மெல்பர்னில் எந்த பாட்டில் ஷாப்பிலும் (மதுக்கடைதான்) கிங் வேலி புரோசெக்கோ கிடைக்கும், ஸ்பிரிட்ஸுக்கு அது தாராளமாகப் போதும். 11 சதவீத அப்பெரோலையும் சோடாவையும் ஊற்றி மூடப்போகும் ஒயினுக்கு இதற்கு மேல் காசு செலவழிப்பது என் கணக்கில் வீண்.

ஐஸ் மட்டும் 3 பை. 5 கிலோ பை, மொத்தம் 15 கிலோ. அத்தனை விவரமாக பாட்டில் கணக்குப் போட்டவர் ஐஸை வாழை இலை, டிஷ்யூ பேப்பர் வரிசையில் சேர்த்துவிட்டார்.

புரோசெக்கோ பாட்டில்கள் காலையில் கராஜில் இருக்கும் பழைய ஃபிரிட்ஜுக்குள் போயின, பீர் பெட்டிகளோடு சேர்ந்து. இங்கே பல வீடுகளில் கராஜில் இப்படி ஒரு இரண்டாவது ஃபிரிட்ஜ் இருக்கும். வெயில் நாளில் தகரக் கதவு போட்ட கராஜ் வெளியைவிடச் சூடாக இருக்கும், அதில் வெதுவெதுப்பான 11 பாட்டிலையும் 2 பெட்டி பீரையும் ஒரே நேரத்தில் அடைத்து, மணிக்கு நாலு தடவை கதவைத் திறந்து பார்த்தால் பாவம் அது என்ன செய்யும். கழுத்தில் கை வைத்தால் ஜில்லென்று இருந்த பாட்டில்களின் அடிப்பாகம் 20 டிகிரிக்குக் குறைந்திருக்காது. அப்பெரோலும் சோடாவும் அலமாரியிலிருந்து நேராக மேசைக்கு வந்தன.

அந்த மேசையில் 8 லிட்டர் கண்ணாடி ஜாடி, அடியில் குழாய். மூன்றரை மணிக்கு அதில் 4 பாட்டில் புரோசெக்கோ, 3 பாட்டில் அப்பெரோல், 1 லிட்டர் சோடா, மேலே விளிம்புவரை ஐஸ், வட்டம் வட்டமாக ஆரஞ்சு. பார்க்க ரொம்ப அழகு. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

நாலரை மணிக்குப் பேச்சு மாறியது. "அண்ணே, இதுல கேஸே இல்லையே" என்றார் ஒருவர். முதலில் பிடித்தவர்கள் இனிப்பு தூக்கலாக இருக்கிறது என்றார்கள், அரை மணி கழித்துப் பிடித்தவர்கள் சப்பென்று இருக்கிறது என்றார்கள், ஒரே ஜாடி. நடுவில் ஆரஞ்சுச் சுளையின் சக்கை குழாய் வாயில் போய் அடைத்துக்கொள்ள, ஒருவர் ஸ்பூன் காம்பை விட்டுக் குத்திக்கொண்டிருக்கப் பின்னால் ஏழெட்டுப் பேர் காலி கிளாஸோடு நின்றார்கள். "இன்னொரு பாட்டில் ஊத்துங்க மாமா, சரியாயிடும்" என்றான் நண்பரின் மச்சினன். நல்லவேளை அவர் ஊற்றவில்லை. அதற்குள் பாதிப் பேர் சத்தமில்லாமல் பீருக்குத் தாவிவிட்டார்கள்.

ஜாடிக்குள்ளே

கேஸ் திரவத்துக்குள் தங்குவதற்குக் காரணம் இரண்டே இரண்டு: அழுத்தம், குளிர். புரோசெக்கோ பாட்டிலுக்குள் 3 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், கார் டயரில் இருப்பதைவிட அதிகம். கார்க்கைத் திறந்த நொடியில் அது போய்விட்டது, இனி யார் நினைத்தாலும் திரும்ப வராது. அதற்கப்புறம் கேஸைப் பிடித்து வைத்திருப்பது குளிர் ஒன்றுதான். எவ்வளவு பிடிக்கும் என்பதற்குத் தண்ணீரை வைத்தே கணக்கு இருக்கிறது. சாதாரண காற்றழுத்தத்தில், 0 டிகிரியில் 1 லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது 0.9 லிட்டருக்கு இறங்கிவிடும், 30 டிகிரியில் 0.7-க்கும் கீழே. ஆக 20 டிகிரி பாட்டிலைத் திறந்து ஊற்றும்போதே பாதியை இழக்கத் தயாராகிவிட்டோம், ஜாடி அதைக் கொஞ்சம் வேகப்படுத்தியது, அவ்வளவுதான்.

எப்படி வேகப்படுத்தியது என்றால், குமிழி வெறும் திரவத்துக்குள் தானாக உருவாகாது, ஒட்டிக்கொள்ள ஒரு சொரசொரப்பு வேண்டும். ஆரஞ்சுச் சக்கை, உடைந்த ஐஸின் முனைகள், ஜாடிக்குள் தெரியாமல் விழுந்த துணிப் பிசிறு எல்லாமே அதற்கு இடம் கொடுக்கும். அதோடு வாய் அகலமான ஜாடி, ஓர் அடி உயரத்திலிருந்து கொட்டிய வேகம். ஷாம்பெயின் ஊரான ரீம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் லிஜே-பெலேர் குழுவினர் 2010-ல் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். கிளாஸை நிமிர்த்தி வைத்து நடுவில் ஊற்றுவதைவிட, பீர் ஊற்றுவது போலச் சாய்த்துப் பிடித்து ஓரமாக வழியவிட்டால் கேஸ் அதிகம் மிஞ்சுகிறது, ஒயின் குளிர்ந்திருந்தால் இன்னும் அதிகம் மிஞ்சுகிறது. ஒரு கிளாஸுக்கே இந்த வித்தியாசம் என்றால் ஜாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இனிப்பு தூக்கலும் சப்பென்று இருப்பதும் ஒரே ஜாடியில் எப்படி? அப்பெரோலில் சர்க்கரை நிறைய, அதனால் கனம், கடைசியாக ஊற்றியது நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. உருகிய ஐஸ் தண்ணீர் லேசு, மேலே மிதக்கும். குழாய் இருப்பது அடியில். முதலில் வந்தவர்களுக்கு அப்பெரோல் பாகு, கடைசியில் வந்தவர்களுக்கு ஆரஞ்சு வாசம் அடிக்கும் தண்ணீர். கலக்கிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும், ஆனால் கரண்டி போட்டுக் கலக்கினால் மிச்சம் மீதி இருக்கும் கேஸும் போய்விடும். குழாய் ஜாடி எலுமிச்சை ஜூஸுக்கும் மோருக்கும் அருமையான சாமான். நுரைக்கும் எதையும் அதில் ஊற்றக்கூடாது என்பது என் முடிவு, இதில் சமரசம் கிடையாது.

ஐஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லாரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். பானம் தண்ணியாகிறது என்றதும் ஐஸைக் குறைக்கச் சொல்வார்கள். 30 டிகிரியில் இருக்கும் 180 மில்லி பானத்தை 2 டிகிரிக்குக் கொண்டுவர 60 கிராமுக்கு மேல் ஐஸ் உருக வேண்டும். நாலு கட்டி போட்டாலும் பத்து கட்டி போட்டாலும் உருகுவது அதே 60 கிராம்தான், நாலு கட்டி போட்டால் எல்லாமே உருகி முடிந்து பானம் மறுபடியும் சூடாக ஆரம்பிக்கும் என்பதுதான் வித்தியாசம். அதாவது பானத்தின் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு வெறும் தண்ணீர் சேர்ந்துவிட்டது. அதே பானம் 5 டிகிரியில் இருந்து தொடங்கினால் 10 கிராம்கூட உருகாது. ஆகவே தண்ணியாகாமல் இருக்க வழி, பாட்டிலை முன்கூட்டியே குளிர வைப்பதும் கிளாஸ் நிறைய ஐஸ் போடுவதும்தான். ஜாடிக் கணக்கும் இதேதான்: 6 லிட்டர் கலவையை இருபது டிகிரி சொச்சத்திலிருந்து இறக்கவே ஒன்றரை கிலோ ஐஸ் செலவு, போட்டதே அவ்வளவுதான் இருந்திருக்கும். விருந்தாளிகள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஐஸ் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது.

ஐந்து மணிக்கு மாற்றியவை

கையில் மிச்சம் 7 பாட்டில் புரோசெக்கோ, 5 பாட்டில் அப்பெரோல். இரண்டுமே அச்சாக 58 கிளாஸுக்கு வரும், அது ஒரு அதிர்ஷ்டம். மச்சினனைப் பெட்ரோல் பங்குக்கு அனுப்பி இன்னும் 6 பை ஐஸ் வாங்கிவரச் சொன்னோம். இந்த மாதிரி நாளில் மாலைக்குள் அங்கேயும் ஐஸ் பெட்டி காலியாகிவிடும், மூன்றாவது பங்கில்தான் கிடைத்தது என்றான்.

வீட்டில் இரண்டு எஸ்கி இருந்தன. (ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: ஐஸ் பெட்டிதான், இங்கே எல்லாரும் எஸ்கி என்பார்கள்.) ஒன்று பாட்டிலுக்கு, இன்னொன்று கிளாஸில் போடும் ஐஸுக்கு, இரண்டையும் கலக்கவே கூடாது. பத்துப் பேர் கை விட்டு பீர் எடுத்த தண்ணீரில் கிடந்த ஐஸைக் கிளாஸில் போடுவது எனக்கு ஒப்பாது.

பாட்டில் எஸ்கியில் 2 பை ஐஸ், அதே அளவு தண்ணீர், ஒரு பெரிய கைப்பிடி கல் உப்பு. தண்ணீர் ஊற்றப் போனதும் வீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் "ஐஸ் கரைஞ்சுடும் தம்பி, தண்ணி விடாதீங்க" என்று தடுத்தார். கரையட்டும் என்றுதான் விடுகிறோம். வெறும் ஐஸ் கட்டி பாட்டிலை அங்கங்கே புள்ளியாகத்தான் தொடும், நடுவில் எல்லாம் காற்று. தண்ணீர் இருந்தால் பாட்டில் முழுக்க 0 டிகிரி தழுவி நிற்கும். உப்பு அதை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கும். ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் ஆகும் வேலை இதில் அரை மணியில் முடிந்துவிடும், நடுவில் பாட்டிலை ஒரு தடவை தலைகீழாகப் புரட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம். உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு மறந்துபோனால் ஒயின் உறைய ஆரம்பிக்கும், அதனால் கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்பெரோலும் சோடாவும் அதே தண்ணீருக்குள் போயின. அப்பெரோலையும் குளிர வைக்க வேண்டும் என்பது ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை, கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு அதுதானே.

அந்த அரை மணிக்கு ஜாடியில் மிச்சம் இருந்ததை வீணாக்கவில்லை. ஆரஞ்சையும் சக்கையையும் வடிகட்டி எடுத்து, தண்ணீர்ப் பாட்டில்களில் அடைத்து எஸ்கியில் அழுத்திவிட்டோம். பிற்பாடு கிளாஸ் நிறைய ஐஸ், பாதிவரை இது, மேலே புது சோடா என்று கொடுத்தபோது இரண்டு பேர் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, லேசாக இருக்கிறது என்றார்கள். கேஸ் போனாலும் சுவை போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்தது வரிசை. அளவுக் கிண்ணம் வைத்து ஒவ்வொரு கிளாஸாகப் போட்டால் முக்கால் நிமிடம் ஆகும், 28 பேர் ஒரே நேரத்தில் வந்தால் கடைசி ஆளுக்கு 20 நிமிடம் காத்திருப்பு. அளவுக் கிண்ணத்தைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு மாதிரிக் கிளாஸ் தயார் செய்தோம். விருந்துக்கு எடுத்த அதே கிளாஸில் ஐஸை நிறையப் போட்டு, 90 மில்லி ஊற்றி அந்த உயரத்தில் ஒரு ரப்பர் பேண்ட், மேலும் 30 ஊற்றி இன்னொன்று, மேலும் 60-க்கு மூன்றாவது. அதை மேசையில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துவிட்டால் யார் ஊற்றினாலும் கண் பார்வையிலேயே அளவு வந்துவிடும். ஒருவர் ஐஸ் போடுவார், ஒருவர் ஊற்றுவார். ஒரு கிளாஸ் கால் நிமிடத்தில் முடிந்தது.

ஊற்றும் வரிசையில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஐஸ் முதலில், கிளாஸைச் சாய்த்து ஓரமாகப் புரோசெக்கோ, அப்புறம் சோடா, அப்பெரோல் கடைசி. கனமானது மேலிருந்து இறங்கும்போது தானே வழியெல்லாம் கலந்துகொண்டு போகும், ஸ்பூனே வேண்டாம். ஆரஞ்சு நூல் நூலாக ஐஸ் இடுக்கில் இறங்குவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் மேசையைச் சுற்றி நின்றது. மாற்றிப் போட்டு அப்பெரோலை முதலில் ஊற்றினால் அது அடியில் படுத்துக்கொள்ளும், கிண்டித்தான் எழுப்ப வேண்டும், கிண்டினால் கேஸ் போகும். ஜாடிக்குள் எந்தக் கனம் கெடுதல் செய்ததோ அதே கனம் கிளாஸுக்குள் நமக்கு வேலை பார்க்கிறது. பைக்குள் கிடந்த ஐஸின் மேல் மெல்லிய உறைபனிப் பொடி ஒட்டியிருந்தால் முதல் ஊற்றிலேயே நுரை பொங்கி வழியும். ஐஸ் எஸ்கியில் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்து அடைப்பானைத் திறந்து வடித்துவிட்டால் கட்டிகள் வழவழப்பாகிவிடும், பொங்குவது நின்றுவிடும்.

ஆறு மணிக்கு மேல் நான் மேசையில் இல்லை, தேவையும் படவில்லை. அவரவர் வந்து ரப்பர் பேண்டைப் பார்த்து ஊற்றிக்கொண்டு போனார்கள்.

எவ்வளவு குடித்தார்கள் என்ற கணக்கு

ஸ்பிரிட்ஸ் ஜூஸ் மாதிரி இறங்கும், அதனால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 90 மில்லி புரோசெக்கோவும் 60 மில்லி அப்பெரோலும் 11 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் பதினாறரை மில்லி, எடையில் 13 கிராம். ஆஸ்திரேலியாவில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது 10 கிராம், ஆக ஒரு கிளாஸ் 1.3. மூன்று கிளாஸ் 3.9. இங்குள்ள தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கு 4-க்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு 10-க்கு மேல் வேண்டாம் என்றிருக்கிறது. நண்பர் போட்ட ஆளுக்கு மூன்று என்ற கணக்கு யோசித்தோ யோசிக்காமலோ சரியான இடத்தில் போய் நின்றிருக்கிறது. விக்டோரியாவில் வண்டி ஓட்ட ரத்த ஆல்கஹால் அளவு 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும், எல் போர்டு (ஓட்டப் பழகுபவர்கள்), பி பிளேட் (புதிதாக உரிமம் வாங்கியவர்கள்) காரர்களுக்கு சுத்தமாகப் பூஜ்யம். வெயிலில் தாகத்துக்குக் குடித்தால் எண்ணிக்கை தெரியாது, அதனால் கிளாஸ் முழுதாகக் காலியான பிறகுதான் அடுத்தது என்று வைத்துக்கொள்வது நல்லது. பாதிக் கிளாஸில் மேலே மேலே ஊற்றிக் கொடுப்பது விருந்தோம்பல் இல்லை, யார் எத்தனை குடித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாமல் செய்யும் வேலை. பக்கத்திலேயே ஒரு குடம் குளிர்ந்த தண்ணீர் வைத்திருந்தோம், குழாய் ஜாடிக்கு அன்றைக்குக் கிடைத்த கௌரவமான வேலை அதுதான்.

மீதி 12 பேர்

எந்த விருந்திலும் எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில். குடிப்பவர்களுக்கு ஐஸும் ஆரஞ்சும் தண்டு வைத்த கிளாஸும், குடிக்காதவர்களுக்கு பிளாஸ்டிக் கப்பில் ஏதோ கோலா. இந்த வீட்டில் அப்படி இல்லை, நண்பரின் அம்மா ஊரிலிருந்து வரும்போது நன்னாரி சர்பத் கொண்டுவந்திருந்தார். ஸ்பிரிட்ஸ் செய்த அதே முறையில் அதையும் செய்தோம்: கிளாஸ் நிறைய ஐஸ், 150 மில்லி குளிர்ந்த சோடா சாய்த்து ஊற்றி, மேலே நன்னாரி 30 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 மில்லி. நன்னாரியும் கனம்தான், பழுப்பு நிறத்தில் அதுவும் நூலாக இறங்கும். எலுமிச்சையையும் நன்னாரியையும் முன்பே கலந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு பாட்டிலில் அடைத்து எஸ்கியில் வைத்துவிட்டால் ஊற்றும் வேலை இன்னும் சுருக்கம்.

இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். சாற்றைத் துணியிலோ டீ வடிகட்டியிலோ வடிகட்டிவிடுங்கள், சுளைப் பிசிறு உள்ளே போனால் சோடா பொங்கிப் பாதி கேஸ் மேசைக்குத்தான் போகும். அப்புறம் எலுமிச்சையைக் காலையிலேயே பிழிந்து வைக்காதீர்கள், மாலைக்குள் லேசாகக் கசக்க ஆரம்பிக்கும். மது குடிப்பவர்களிலேயே ஏழெட்டுப் பேர் இரண்டாவது சுற்றுக்கு இதைக் கேட்டார்கள், சோடா போதாமல் போனது அதனால்தான்.

அடுத்த முறைக்கு

வாங்கும் பட்டியலை இப்படி மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். புரோசெக்கோ 7 பாட்டிலுக்கு அப்பெரோல் 5 என்ற விகிதம், அதில் கை வைக்க வேண்டாம், எத்தனை பேர் ஆனாலும் பெருக்கிக்கொள்ளலாம். சோடா ஸ்பிரிட்ஸுக்கு இரண்டரை லிட்டர், நன்னாரிக்கு ஐந்தரை, எப்படியும் கூடும் என்பதால் 10 லிட்டர். சோடாவைச் சின்ன பாட்டிலாக வாங்க வேண்டும், 2 லிட்டர் பாட்டில் திறந்து கால் மணியில் பாதி செத்துவிடும். ஐஸ் ஆளுக்கு 1 கிலோ, 35 டிகிரிக்கு மேல் என்றால் பேரம் பேசாமல் 1 கிலோ. 40 பேருக்கு 8 பை, பாதி பாட்டிலுக்கு, பாதி கிளாஸுக்கு. பாட்டில்கள் முந்தின நாள் இரவே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், விருந்துக்கு ஒரு மணி முன்னால் எஸ்கித் தண்ணீருக்கு மாற வேண்டும். கராஜ் ஃபிரிட்ஜ் பீருக்கு மட்டும்.

கூட்டம் 100 பேருக்கு மேல் என்றால் மேசையில் ஊற்றுவது கட்டாது. அப்போது முன்கூட்டியே கலந்து வைக்க ஒரு வழி இருக்கிறது. காலியான 1 லிட்டர் சோடா பாட்டில், பிளாஸ்டிக் பாட்டில்தான், கேஸ் அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்தது. அப்பெரோல், சோடா, புரோசெக்கோ மூன்றையும் நன்றாகக் குளிர வைத்து, பாட்டிலைச் சாய்த்து மெதுவாக விட்டு, கழுத்துவரை நிரப்பி இறுக மூடி ஐஸ் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். மேலே காற்றுக்கு இடமில்லாததால் கேஸ் வெளியேற வழி இல்லை, சில மணி நேரம் நன்றாகவே தாங்கும். ஒரு பாட்டிலைத் திறந்தால் ஐந்து கிளாஸ், உடனே காலி, அடுத்தது. ஜாடியில் செய்ய நினைத்ததை ஒழுங்காகச் செய்யும் முறை இதுதான். கண்ணாடி பாட்டிலில் மட்டும் இதை முயற்சி செய்யாதீர்கள். ஜாம், எண்ணெய் வரும் சாதாரண கண்ணாடிக்கு அழுத்தம் தாங்கும் வலு கிடையாது, வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

மிஞ்சியதைப் பற்றி ஒரு வார்த்தை, நண்பர் மறுநாள் காலையில் கேட்டது அதைத்தான். திறந்த புரோசெக்கோ பாட்டில் வாயில் ஸ்பூன் தொங்கவிட்டால் கேஸ் போகாது என்பார்கள், ஒன்றும் நடக்காது. இரண்டு பக்கமும் பிடித்து மூடும் ஷாம்பெயின் மூடி சின்ன விலைதான், அதைப் போட்டு ஃபிரிட்ஜில் நிறுத்தி வைத்தால் மறுநாள் மாலைவரை குடிக்கலாம். அப்பெரோல் திறந்தாலும் மாதக்கணக்கில் இருக்கும். நன்னாரி எலுமிச்சைக் கலவையை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். எஸ்கியின் உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், சாக்கடையில் விட்டுவிடுங்கள்.